பழைய கம்ப்யூட்டர் அக்கா வீட்டுக்கு, புதியது எனக்கு

ஆர்.கே.பேட்டையில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் 2017-ல் வாங்கியது. இன்டெல் கோர் ஐ5 7400 புரோசசர், 16 ஜி.பி. ராம், ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. கிராபிக்ஸ் கார்டு, 1 டி.பி. ஹார்டு டிஸ்க். இதில் ஓடாத கேம் இல்லை என்று அந்த நாளில் நண்பர்களிடம் அலட்டிக்கொண்டதுண்டு. இப்போது வரும் கேம்களைப் போட்டால் மெஷினுக்கு மூச்சு வாங்குகிறது. எனவே அப்கிரேடு செய்ய ஒரு பட்டியல் போட ஆரம்பித்தேன்.

அந்த வாரத்திலேயே பள்ளிப்பட்டிலிருந்து அக்கா போன் செய்தார். "தம்பி, பாப்பா காலேஜ் சேர்ந்துட்டா. புதுசு வாங்கினா உன் பழைய கம்ப்யூட்டரை எங்களுக்குக் குடுத்துடு" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் பட்டியலை மறுபடி பார்த்தேன். செலவைக் குறைக்க பழைய மெஷினிலிருந்து ராம், எஸ்.எம்.பி.எஸ்., மானிட்டர், கீபோர்டு, யு.பி.எஸ். எல்லாவற்றையும் நானே எடுத்துக்கொள்வதாக எழுதியிருந்தேன். அக்கா வீட்டுக்குப் போயிருப்பது மதர்போர்டு வைத்த ஒரு தகரப் பெட்டிதான். அந்தப் பேப்பரைக் கிழித்துவிட்டு, வேறு பேப்பரில் முதலில் அந்தப் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று எழுதினேன். எனக்கு வேண்டியது அதற்குக் கீழே.

புரோசசரை மட்டும் மாற்றினால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஐ5 7400 உட்காரும் சாக்கெட்டின் பெயர் எல்.ஜி.ஏ. 1151. எட்டாம், ஒன்பதாம் தலைமுறை இன்டெல் புரோசசர்களின் சாக்கெட்டுக்கும் இதே பெயர்தான். ஆனால் அவற்றுக்கு 300 வரிசை சிப்செட் உள்ள மதர்போர்டு வேண்டும். என் பழைய போர்டில் அவை வேலை செய்யாது. சாக்கெட் பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று வாங்கிவிட்டுத் திண்டாடியவர்கள் பலர். புரோசசர் வாங்குமுன் உங்கள் மதர்போர்டு கம்பெனியின் தளத்தில், அந்த மாடல் ஏற்கும் புரோசசர் பட்டியலைப் பாருங்கள்.

ஆக, எனக்குப் புதிய போர்டு வேண்டும். ஏ.எம்.டி.யின் ஏ.எம்.5 சாக்கெட் 2022-ல் வந்தது. அதற்கு டி.டி.ஆர்.5 ராம்தான் போட முடியும். 2025 கடைசியில் ஏ.ஐ. சர்வர்களுக்கு மெமரி சிப்கள் போய்க் குவிந்ததில் ராம் விலை ஏறியது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதனால் ஏ.எம்.4 சாக்கெட்டில் ரைசன் 5 5600 எடுத்தேன். ஆறு கோர், டி.டி.ஆர்.4 ராம். 1080பி-யில் விளையாடும் எனக்கு இது தாராளம்.

பழைய ராமும் டி.டி.ஆர்.4 என்பதால் கை அரிக்கத்தான் செய்தது. ஆனால் அது 2400 வேகம். ரைசன் 5600 ஏற்பது 3200. ஒரு ஸ்டிக்கைக் கழற்றி, புதிய 3200 ஸ்டிக் ஒன்றோடு சேர்த்துப் போட்டால் இரண்டும் 2400-ல்தான் ஓடும். இரண்டு பக்கமும் நஷ்டம். புதிதாக எட்டு எட்டாக 16 ஜி.பி. வாங்கிவிட்டு, ஆசைப்பட்ட ஆர்.டி.எக்ஸ். 4060 டி.ஐ.யை விட்டு ஆர்.எக்ஸ். 6600 கார்டுக்கு இறங்கினேன். இதில் கொஞ்சம் வருத்தம் இன்னும் உண்டு.

பழைய 1050 டி.ஐ. கார்டை மட்டும் எடுத்துவிட்டேன். ஐ5 7400-க்குள்ளேயே கிராபிக்ஸ் இருப்பதால் கார்டு இல்லாமலும் மானிட்டரில் படம் வரும். (ரைசன் 5600-ல் அது கிடையாது. கார்டு போடாவிட்டால் திரை கறுப்புதான்.) கார்டு இருந்தால் பாப்பாவின் தம்பி கேம் போட்டுக்கொண்டு எழுந்திருக்கவே மாட்டான் என்பது இன்னொரு காரணம். 75 வாட்டுக்குள் ஸ்லாட்டிலிருந்தே மின்சாரம் எடுக்கும் கார்டு இது. தனி பவர் வயர் வேண்டாத வகை சுலபமாக விலை போகும். இந்தத் தலைமுறைக்குக் கேம் டிரைவர்கள் 2025 அக்டோபரோடு நின்றன, பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2028 அக்டோபர் வரை உண்டு என்பதை வாங்கியவரிடம் சொல்லித்தான் விற்றேன். அந்தப் பணத்தில் பாப்பாவின் மெஷினுக்கு 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. வாங்கினேன். பழைய கம்ப்யூட்டருக்கு இதைவிடப் பெரிய மருந்து இல்லை. ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிய இடத்தில் அதே கேபிளையே மாட்டிக்கொள்ளலாம்.

ஹார்டு டிஸ்க்கை நானே வைத்துக்கொண்டேன். சில வருடங்களுக்கு முன் நண்பர் ஒருவர் ஒரு கடையில் செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் வாங்கினார். ஃபார்மேட் செய்து கொடுத்ததுதான். இலவச ரெக்கவரி சாப்ட்வேர் ஒன்றை ஓட்டிப் பார்த்தோம். முன்பு வைத்திருந்தவர் வீட்டுக் கல்யாணப் போட்டோ, பேங்க் பாஸ்புக் ஸ்கேன் எல்லாம் வரிசையாக வந்தன. க்விக் ஃபார்மேட் என்பது ஃபைல்களின் அட்டவணையைத்தான் அழிக்கிறது; ஃபைல்கள் அங்கேயே கிடக்கும்.

அடுத்து விண்டோஸ். விண்டோஸ் 10-க்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாப்ட் ஏற்கும் இன்டெல் புரோசசர்கள் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன. நம்முடையது ஏழு. எனவே லினக்ஸ் மின்ட் போட்டேன். அதற்கு முன் பாப்பாவிடம் "என்ன கோர்ஸ்மா?" என்று கேட்டுக்கொண்டேன். "பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், மாமா" என்றாள். சி, பைத்தான் எல்லாம் லினக்ஸில் ஜோராக ஓடும். பி.காம். என்றிருந்தால் யோசித்திருப்பேன், டேலி விண்டோஸுக்கானது. லினக்ஸ் என்றால் பயப்பட வேண்டாம். 2011-ல் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய இலவச லேப்டாப்களிலேயே விண்டோஸுடன் பாஸ் லினக்ஸ் இருந்தது. தமிழ்99 கீபோர்டும் மின்ட்டில் கிடைக்கிறது.

எனக்கு உண்மையில் கவலையாக இருந்தது அக்கா வீடுதான். மாமா விசைத்தறி வைத்திருக்கிறார், வீட்டை ஒட்டியே ஷெட். தறி ஓடும் வீட்டில் பஞ்சுத் தூசு மிதந்துகொண்டே இருக்கும். அதைக் கேபினெட் ஃபேன் உள்ளே இழுத்து, புரோசசரின் ஹீட் சிங்க்கில் கம்பளி போல அப்பிவிடும். சூடு ஏறும், மெஷின் தானாக அணையும். எனவே தரையில் வைக்காமல் ஸ்டூல் மேல் வைத்தேன், ஷெட் பக்கத்து ஜன்னலுக்கு எதிர்மூலையில். மாதம் ஒரு முறை ஆஃப் செய்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, புளோயரால் ஊதச் சொல்லியிருக்கிறேன். ஊதும்போது ஃபேன் சுற்றாமல் ஒரு பென்சிலால் பிடித்துக்கொள்ள வேண்டும். வேகமாகச் சுற்றவிட்டால் ஃபேன் கெட்டுப்போகலாம்.

தறி ஸ்டார்ட் ஆகும்போது விளக்கு மங்குவதைப் பார்த்தேன். இப்படி வோல்டேஜ் இறங்கும் இடத்தில் யு.பி.எஸ். இல்லாமல் கம்ப்யூட்டர் வைக்கக் கூடாது. என் 600 வி.ஏ. யு.பி.எஸ். அங்கேயே போனது. அந்த அளவு யு.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும். கார்டு இல்லாத அந்த மெஷினுக்கு அது போதும், என் புதிய மெஷினுக்குப் போதாது. எனக்கு 1000 வி.ஏ. வாங்க வேண்டியதாயிற்று.

ஆன் செய்ததும் கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்றது. பிளக் பாயிண்டில் எர்த் இல்லை. எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் கொடுத்த பிறகுதான் பாப்பாவை உட்காரவிட்டேன். உங்கள் வீட்டிலும் இப்படிச் சுர்ரென்றால் செருப்பு போட்டுக்கொண்டு சமாளிக்காதீர்கள். உடனே ஆள் வைத்துப் பாருங்கள்.

மானிட்டரும் அங்கே போய்விட்டதால், அடுத்த போனஸ் வரை என் புதிய மெஷின் ஹாலில் உள்ள டிவியில்தான் மாட்டியிருக்கிறது. அம்மாவின் சீரியல்கள் முடியப் பத்து மணி ஆகிறது. அதற்குப் பிறகுதான் எனக்குக் கேம்.