பிரேக்குக்கும் அலங்காரமா?

ஞாயிற்றுக்கிழமை காலை. பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு வீட்டுக்காரர் அடுக்களைப் பக்கம் வருகிறார். "கிழிந்த துணி இருக்கிறதா? பழைய டூத் பிரஷ்? ஒரு தட்டு?" என்கிறார். மோட்டார் சைக்கிளுக்குத் திருமஞ்சனம் ஆரம்பமாகிவிட்டது என்று அர்த்தம்! துணியையும் பிரஷ்ஷையும் தாராளமாகக் கொடுங்கள். சாப்பிடும் தட்டை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

இது ஆண்கள் சமாசாரம், நமக்கென்ன என்று இருந்துவிடவும் கூடாது. பின்சீட்டில் உட்காருவது நீங்கள். நடுவில் உட்காருவது உங்கள் குழந்தை. இந்தக் காலத்தில் வண்டியை ஓட்டுவதே நீங்களாகவும் இருக்கலாம்.

சென்னைக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் பழைய உறவு. 1955-ல் என்ஃபீல்டு இந்தியா கம்பெனி இங்கே தோன்றியது. திருவொற்றியூர்த் தொழிற்சாலையிலிருந்து புல்லட் வண்டிகள் புறப்பட்டன. தாத்தா ஓட்டிய புல்லட்டைப் பேரன் துடைத்து வைத்துக்கொண்டு ஓட்டுகிற வீடுகள் உண்டு. ஆனால் கடற்காற்று யாரையும் விடுவதில்லை. இரும்பில் துரு ஏறும். அலுமினிய பிரேக் பிளேட்டில் வெள்ளைப் பொடி பூக்கும். பார்க்கிறவருக்குக் கை துறுதுறுக்கிறது. வர்ணம் பூசலாமா?

பூசலாம். எங்கே என்பதுதான் கேள்வி.

எங்கே பூசக் கூடாது?

பழைய புல்லட்டில் இருப்பது டிரம் பிரேக். சக்கரத்தோடு சுற்றும் டிரம்முக்குள் பிறைச் சந்திரன் போல இரண்டு ஷூக்கள். அவற்றின் முதுகில் லைனிங். பிரேக்கைப் பிடித்தால் கேம் திரும்பி ஷூக்களை விரிக்கும். லைனிங் டிரம்மின் உட்சுவரை உரசும். அந்த உரசல்தான் வண்டியை நிறுத்துகிறது. ஆகவே உரசுகிற இடத்தில் ஒரு சொட்டு வர்ணமும் படக் கூடாது. கிரீஸோ வர்ணமோ ஊறிய லைனிங்கை மாற்றிவிடுவதே புத்திசாலித்தனம். கேம் திரும்புகிற துவாரம், திருகுகளின் மரை, சில வண்டிகளில் தேய்மானத்தைக் காட்டும் அம்புக்குறி ஆகியவற்றையும் ஒட்டுத்தாளால் மூடிவிட வேண்டும்.

டிஸ்க் பிரேக் வண்டியானால் டிஸ்க்கையும் பேடையும் தொடவே வேண்டாம். காலிபரின் வெளிப்புறத்துக்கு மட்டும் பூசலாம். சாதாரண பிரேக் ஆயில் வர்ணத்தை உரித்துவிடும் குணமுள்ளது. சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

தூசியில் ஜாக்கிரதை!

பிரேக்கைக் கழற்றியதும் உள்ளே கறுப்புத் தூசி படிந்திருக்கும். அதை வாயால் ஊதுவதும் காய்ந்த பிரஷ்ஷால் தட்டுவதும் பழக்கம். வேண்டாம்! பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். அதன் நுண்ணிய தூசி நுரையீரலுக்குள் போனால், பல வருஷங்கள் கழித்துப் புற்றுநோயாகத் தலைகாட்டக் கூடும். ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளிகளின் உடைகளைத் துவைத்த மனைவிமார்களுக்கே அந்நோய் கண்டதுண்டு. ஆகையால் ஈரத்துணியால் துடைத்து, துணியை ஈரத்தோடே பையில் கட்டி எறியுங்கள். குழந்தைகள் அருகில் வர வேண்டாம். வேலை செய்த உடையை மற்றத் துணிகளோடு சேர்க்காமல், உதறாமல், தனியாக நனையுங்கள்.

பூசும் முறை

ஷூக்களைக் கழற்றித் தனியே பத்திரப்படுத்துங்கள். பிளேட்டிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கி, துருவையும் பழைய வர்ணத்தையும் எமரித் தாளால் தேய்த்து, தின்னரால் துடைத்து உலர்த்துங்கள். வெறும் அலுமினியத்தில் வர்ணம் லேசில் ஒட்டாது. அதற்கென்று உள்ள பிரைமரை முதலில் பூச வேண்டும். பிறகு சூடு தாங்கும் பெயிண்ட். கேட்டுக்குப் பூசி மிஞ்சியது பிரேக்குக்கு உதவாது. ஒரே தடவையில் கனமாக அப்பாமல், மெல்லியதாக 2 அல்லது 3 பூச்சு. இவ்வளவும் காற்றோட்டமான இடத்தில், அடுப்புக்கு வெகு தூரத்தில். அடைமழை நாளில் பூசினால் பளபளப்பு மங்கி வெளுக்கக் கூடும்.

சில பெயிண்டுகளைச் சூடாக்கித்தான் இறுக வைக்க வேண்டும், டப்பாவில் எழுதியிருக்கும். "கேக் செய்கிற அவனில் கொஞ்ச நேரம் வைக்கட்டுமா?" என்று கேட்டால், கண்டிப்பாக மறுத்துவிடுங்கள்!

தேய்ந்ததற்கு மருந்தல்ல

துரு வேறு, தேய்மானம் வேறு. வர்ணம் துருவைத் தடுக்கும். தேய்ந்த லைனிங்கை வளர்க்காது. விரிசல் விட்ட பிளேட்டை ஒட்டாது. சொல்லப் போனால், விரிசலைக் கண்ணில் படாமல் மறைத்துவிடும். அதனால் பூசுவதற்கு முன்பே நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொரு பாகத்தையும் திருப்பித் திருப்பிப் பாருங்கள். மெலிந்துபோன லைனிங், வெடிப்பு, தளர்ந்த ஸ்பிரிங் எது கண்டாலும் புதிது வாங்குவதே சிக்கனம்.

திரும்பப் பூட்டியதும் மெக்கானிக்கிடம் காட்டி அட்ஜஸ்ட் செய்து, ஆளில்லாத தெருவில் மெதுவாக ஓட்டிப் பிடித்துப் பார்க்க வேண்டும். நன்றாகப் பிடிக்கிறது என்று தெரிந்த பிறகு, நீங்கள் குழந்தையோடு பின்சீட்டில் ஏறினால் போதும்.