யாருக்கு ஆபத்து?

அந்நிய மூலதனத்திற்கு ஆபத்தாம்! சர்க்கார் மாறினால் சட்டம் மாறுகிறதாம், போட்ட பணத்துக்குப் பாதுகாப்பு இல்லையாம். முதலாளிப் பத்திரிகைகள் வாரம் தவறாமல் பாடும் பாட்டு இது. ஆபத்தே இல்லை என்று நாம் சொல்லவில்லை. அந்த ஆபத்து கடைசியில் யார் தலையில் விடிகிறது என்று மட்டுமே கேட்கிறோம்.

பழவேற்காட்டுக்குப் போய்ப் பாருங்கள் தோழர்களே! ஏரிக்கரையிலே கோட்டைக்குப்பம் என்று ஒரு மீனவர் ஊர். பெயரிலே கோட்டை இருக்கிறது. கோட்டையோ மண்மேடாகிப் புதர் மண்டிக் கிடக்கிறது. அது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கெல்டிரியா கோட்டை.

1610இல் விஜயநகர மன்னர் வேங்கடபதியிடம் அனுமதி வாங்கி டச்சுக்காரர் இங்கே பண்டகசாலை போட்டனர். சாந்தோமிலே இருந்த போர்த்துகீசியருக்குப் பொறுக்குமா? 1612இல் வந்து அதை இடித்துத் தள்ளினார்கள். கம்பெனி அழுதுகொண்டு ஓடிவிடவில்லை. மறு வருஷமே கோட்டை கட்டிப் பீரங்கி ஏற்றியது. 1614இல் மன்னர் மாண்டார். வாரிசுச் சண்டையில் நாடு இரண்டுபட்டது. பின்னர் 1646இல் கோல்கொண்டா படை வந்தது. 1687இல் கோல்கொண்டாவையே மொகலாயர் விழுங்கினர். இத்தனை அரசுகளையும் கம்பெனி சமாளித்தது. ஒருவருக்குக் காணிக்கை, ஒருவருக்குச் சுங்கத்தில் பங்கு, முறைத்தவருக்குப் பீரங்கி! எதுவும் சரிப்படாத நாள் வந்தபோது, 1690இல் மூட்டை கட்டிக்கொண்டு தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றியது. 1825இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கே போய்விட்டது.

கம்பெனிக்கு நட்டம் வந்தது, உண்மை. ஆனால் அது வேறு ஊர் பார்த்துக்கொண்டது. லுங்கியும் கைக்குட்டையும் நெய்து கொடுத்த நெசவாளி எங்கே போவான்? பஞ்ச காலத்தில் வயிற்றுக்கில்லாமல் விற்கப்பட்ட ஆண், பெண், குழந்தைகளை இதே துறையிலிருந்து ஆயிரக்கணக்கில் அடிமைகளாக படேவியாவுக்குக் கப்பலேற்றினார்களே, அவர்களுக்கு எந்த ஒப்பந்தம் பாதுகாப்புத் தந்தது? டச்சுக்காரர் கல்லறைகளை இன்றும் தொல்லியல் துறை காத்து வருகிறது. கப்பலேறியவர்களுக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை.

இந்தக் காலத்தில் பீரங்கி வேண்டியதில்லை. நடுவர் மன்றம் இருக்கிறது. ஒரகடத்தில் கார் செய்த நிசான் கம்பெனி, தமிழக அரசு தரவேண்டிய ஊக்கத்தொகை வரவில்லை என்று 2017இல் இந்திய அரசையே சர்வதேச நடுவர் மன்றத்துக்கு இழுத்தது. 2020இல் சமரசமாயிற்று. வாக்களித்த தொகையைக் கேட்பது குற்றமில்லை. ஆனால் கேட்பதற்கு அவர்களுக்கு ஒரு வாசல் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

ஏரி மீனவனுக்கு இருக்கும் வாசல் எது? அவனுக்குத் தெரிந்த சட்டம் ‘பாடு’. எந்த ஊரார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடுவது என்று முறைவைத்துப் பகிர்ந்து கொள்ளும் ஏற்பாடு. ராஜா மாறியும், கம்பெனி மாறியும் அவன் ஏரியை விட்டுப் போகவில்லை. போகவும் முடியாது, ஏரியை மூட்டை கட்ட முடியுமா?

தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 2018இல் அதானி கம்பெனி வாங்கியது. இது அந்நியக் கம்பெனி அல்ல, சுதேசிதான்! ஏறத்தாழ 6,110 ஏக்கராக அதை விரிக்கத் திட்டம் போட்டனர். கடலை மேடாக்கினால் கரை அரிக்கும், முகத்துவாரம் தூரும், இறால் குஞ்சு உள்ளே வராது என்று குப்பத்து மக்கள் போராடினார்கள். 2021இலும் 2023இலும் அறிவித்த கருத்துக் கேட்புக் கூட்டங்கள் தள்ளிப் போயின. மறுபடி எப்போது கூட்டம் போட்டாலும், நம் தோழர்கள் அங்கே போய்க் கேட்க வேண்டியது ஒன்றுதான்: பாடு பொய்த்தால் வலைக்காரனுக்கு ஈடு யார் தருவது, எத்தனை நாளில், எந்த மன்றத்தில்?