தண்டவாளம் போனது, தடம் பிழைத்தது

ரயில் நின்றுபோன ஊர்கள் மெல்லத் தேய்வது உலகெங்கும் காணும் நிலை. நியூசிலாந்தின் தென்தீவில், மத்திய ஒட்டாகோ பகுதியின் சிற்றூர்கள் 1990-இல் அந்த நிலையை எதிர்கொண்டன. மிடில்மார்ச் முதல் கிளைடு வரையிலான ரயில் பாதை மூடப்பட்டு, தண்டவாளங்களும் பெயர்த்தெடுக்கப்பட்டன.

எஞ்சிய நிலம் துண்டு துண்டாக விற்கப்பட்டிருந்தால் எல்லாம் அத்துடன் முடிந்திருக்கும். ஆனால், 1993-இல் அந்நாட்டின் இயற்கைப் பாதுகாப்புத் துறை அப்பாதையை வாங்கியது. உள்ளூர் அறக்கட்டளை ஒன்று நிதி திரட்டியது. பாலங்களுக்குப் பலகைத் தளமும் கைப்பிடியும் அமைக்கப்பட்டு, 152 கி.மீ. நீளமுள்ள மிதிவண்டித் தடம் 2000-இல் முழுமை பெற்றது.

செங்குத்தான ஏற்றத்தில் நீராவி என்ஜின் திணறும் என்பதால், அக்காலப் பொறியாளர்கள் பாதையை வளைத்து, மிகக் குறைந்த சரிவில் மேலேற்றினர். அதனால்தான் 600 மீட்டருக்கும் அதிகமான உயரத்தை இன்று முதியோரும் சிறுவரும் களைப்பின்றிக் கடக்க முடிகிறது. பூல்பர்ன் பள்ளத்தாக்கின் சுரங்கங்களில் கைவிளக்கு தேவைப்படும்.

இத்தடத்தை முழுவதும் கடக்கப் பொதுவாக மூன்று, நான்கு நாள்கள் ஆகும். ஒவ்வோர் இரவும் ஏதேனும் ஓர் ஊரில் உணவும் உறைவிடமும் வேண்டும். காரில் விரைபவர் நிற்காமல் கடந்துவிடும் ஊர்களுக்கு, மெதுவாக வருபவரே வருவாய் தருகிறார்.

கைவிடப்பட்ட பாதைகளை மனைகளாகப் பிரிக்க எண்ணும் அரசுகள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். அப்பாதைகளின் மதிப்பு அவற்றின் தொடர்ச்சியில் இருக்கிறது. ஒருமுறை அறுபட்டால் மீண்டும் இணைப்பது அரிது.