இல்லத்தில் ஓர் ஒலிக்கூடம்

முன்னுரை

எழுத்து நிலைத்து நிற்பது. ஒலியோ பிறந்த கணமே மறைவது. பல்லாயிரம் ஆண்டுகளாக மாந்தர் பாடிய பாட்டும் பேசிய பேச்சும் காற்றோடு கரைந்தே போயின. 1877ஆம் ஆண்டில் தாமஸ் ஆல்வா எடிசன் போனோகிராஃப் என்னும் கருவியைப் படைத்த பின்னரே, ஒருவரது குரலை அவர் இல்லாத இடத்திலும், இல்லாத காலத்திலும் கேட்கும் பேறு நமக்கு வாய்த்தது. எனினும் அதன்பின் நெடுங்காலம் ஒலிப்பதிவு என்பது பெரும்பொருள் முதலிட்டோர்க்கே உரிய தொழிலாக விளங்கியது. அந்நிலை இன்று மாறிவிட்டது. கணினி உள்ள எந்த இல்லத்திலும் தரமான ஒலிப்பதிவு செய்தல் இயலும்.

'அதற்கு எத்தனை இலட்சம் வேண்டும்?' என்று மாணவர்கள் நம்மிடம் வினவுவதுண்டு. நல்ல பதிவுக்கு இன்றியமையாதவை மூன்று. அவை அமைதி, அறை, அண்மை என்பன. இம்மூன்றும் விலைகொடுத்து வாங்கப்படுவன அல்ல. கருவிகள் இவற்றிற்கு அடுத்த நிலையிலேயே வைத்து எண்ணத்தக்கன. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வீட்டில் பிறந்த இசைத்தொகுப்புகள்

வீட்டில் செய்யும் பதிவு தரம் குறைந்ததாகவே இருக்கும் என்னும் எண்ணம் பலரிடம் உள்ளது. வரலாறு அதனை மறுக்கின்றது. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நியூ ஜெர்சியில் தாம் வாடகைக்குக் குடியிருந்த வீட்டில், நான்கு தடம் கொண்ட ஒரு கேசட் பதிவுக் கருவியையும் இரண்டு எளிய ஒலிவாங்கிகளையும் கொண்டு சில பாடல்களைப் பதிந்தார். பின்னர்ப் பெரிய ஒலிக்கூடத்தில் இசைக்குழுவினரோடு அவற்றை மீண்டும் பாடிப் பார்த்தபோது, கேசட்டில் இருந்த உணர்வு அங்கே கைகூடவில்லை. ஆகவே அந்த வீட்டுப் பதிவே 'நெப்ராஸ்கா' என்னும் பெயரில் அவ்வாண்டே வெளியிடப்பெற்றது. 2019இல் வெளிவந்த பில்லி ஐலிஷ் என்னும் இளம்பாடகியின் முதல் தொகுப்பு, லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் அவருடைய தமையனாரின் படுக்கையறையில் உருவானதாகும். அதுவே 2020ஆம் ஆண்டு கிராமி விழாவில் சிறந்த தொகுப்புக்கான விருதினைப் பெற்றது. இவை இரண்டும் நமக்கு உணர்த்துவது, கேட்போர் செவிக்குக் கட்டடத்தின் பெருமை தெரிவதில்லை என்பதையே.

முதலாவது: அமைதி

பதிவு தொடங்குமுன் அறையின் நடுவே கண்களை மூடி இரண்டு நிமிடம் அமர்ந்திருத்தல் வேண்டும். மின்விசிறியின் சுழற்சி, குளிர்பதனப் பெட்டியின் முனகல், குழல்விளக்குச் சோக்கின் ரீங்காரம், இன்வெர்ட்டரின் இரைச்சல், தெருவில் செல்லும் ஊர்திகளின் ஒலிப்பான் என நாள்தோறும் நாம் கேட்டும் கேளாதிருக்கும் ஒலிகள் ஒவ்வொன்றாக வெளிப்படும். நமது மூளை வேண்டாத ஒலியைப் புறந்தள்ளப் பழகியது. ஒலிவாங்கி அவ்வாறு பழகியதன்று. அது வந்ததை வந்தவாறே எழுதிவிடும்.

ஆதலின் விசிறியை நிறுத்துக. குளிர்பதனப் பெட்டியைச் சற்று நேரம் அணைத்து வைக்க. மடிக்கணினியை மின்னூட்டியிலிருந்து பிரித்து மின்கலத்திலேயே இயக்குக. மின்வழங்கல் வழியே வரும் 50 ஹெர்ட்ஸ் முரலொலி இதனால் பெரிதும் நீங்கும். கைப்பேசி அறைக்கு வெளியே இருத்தல் நலம். பொழுதினைத் தேர்வதும் ஒரு கலையே. வைகறைத் தொழுகை முடிந்து தெரு விழித்தெழுமுன் உள்ள அரைமணி நேரம், பொருள் செலவிட்டும் பெறவியலாத அமைதி உடையது.

இவ்வமைதியின் அருமையை உணர்த்தும் நிகழ்ச்சி ஒன்று. களப்பணிக்குச் சென்ற மாணவர் சிலர், முதிய பெண்மணி ஒருவர் பாடிய நீண்ட தாலாட்டினைக் கைப்பேசியில் பதிந்து கொணர்ந்தனர். அதில் பாட்டின்மேல் மின்விசிறியின் ஓசையே ஓங்கி நின்றது. சொற்களுள் பாதிக்கு மேல் தெளியவில்லை. சில திங்கள் கழித்து மீண்டும் பதிவதற்குச் சென்றபோது அம்மூதாட்டி இறையடி சேர்ந்திருந்தார். விசிறியின் பொத்தானை அழுத்துதற்கு ஆகும் செலவு ஏதுமில்லை. ஆனால் அழுத்தாமையால் நேர்ந்த இழப்பை ஈடுசெய்வாரும் இல்லை.

இரண்டாவது: அறை

அறைக்குள் எழும் ஒலி நேரே ஒலிவாங்கியை அடைவதோடு, சுவரிலும் தரையிலும் கூரையிலும் பட்டுத் திரும்பியும் வந்து சேர்கின்றது. இதனையே எதிர்முழக்கம் என்கின்றோம். சிமெண்டுச் சுவரும் மொசைக் தரையும் கொண்ட நம் இல்லங்களில் இது மிகுதி.

தமிழ் பயில்வோர்க்கு இதன் தீங்கு எளிதில் விளங்கும். உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகிய எட்டிடங்களின் தொழிலால் வெவ்வேறு எழுத்தொலியாகப் பிறக்கும் முறையைத் தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்துக் காட்டினார். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கும் குற்றியலுகரத்திற்கும் அரை என அளவும் வரையறுத்தார். எதிர்முழக்கம் மிக்க அறையில் ஒவ்வோர் எழுத்தும் தனக்குரிய அளவைக் கடந்து அடுத்த எழுத்தின்மேல் படிகின்றது. அரை மாத்திரை ஒலிகள் முதலில் அழிகின்றன. குறிலும் நெடிலும் மயங்குகின்றன. தாளக் கட்டுடைய சந்தப் பாடலாயின் கேடு இன்னும் பெரிது.

இதற்கு மருந்து கண்டவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து இயற்பியல் ஆசிரியர் வாலஸ் சாபின் ஆவார். அங்குள்ள கலைக்காட்சியகம் ஒன்றின் விரிவுரைக் கூடத்தில் பேசியது எதுவும் விளங்காத நிலை இருந்தது. ஒரு சொல்லின் ஒலி அடங்க 5 நொடிக்கு மேல் ஆயிற்று. 1895இல் அதனைச் சீர்செய்யும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பெற்றது. அவர் இரவுதோறும் அருகிலிருந்த அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்து வரச்செய்து, கூடத்தில் பரப்பி, ஆர்கன் குழல் ஒன்றை ஒலித்து, அவ்வொலி அடங்கும் நேரத்தைக் கடிகாரம் கொண்டு அளந்தார். மெத்தைகள் மிகுந்தோறும் முழக்கம் குறைந்தது. கட்டட ஒலியியல் என்னும் துறை இவ்வாறு மெத்தைகளின்மேல் எழுந்ததே ஆகும்.

சாபினுக்கு உதவிய மெத்தை நம் வீட்டிலும் உண்டு. தரையில் ஜமுக்காளம் விரித்து, பாடுவோரின் பின்புறமும் இருமருங்கும் இலவம்பஞ்சு மெத்தைகளை நிறுத்தி, கனத்த போர்வைகளைக் கொடியில் தொங்கவிட்டால் போதும். துணிகள் அடைந்த திறந்த அலமாரியும் நூல்கள் நிறைந்த அடுக்கும் நல்ல துணை. அறையின் நட்டநடுவையும் மூலையையும் தவிர்த்து, நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி அமர்வது ஏற்றது.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டற்பாலது. ஒலியை உறிஞ்சுதல் வேறு, ஒலியைத் தடுத்தல் வேறு. மெத்தையும் போர்வையும் அறையின் முழக்கத்தை உறிஞ்சுமேயன்றித் தெருவின் இரைச்சலைத் தடுக்கமாட்டா. தடுப்பதற்குக் கனமான சுவரும் இடுக்கின்றி மூடும் கதவும் வேண்டும். சுவரெங்கும் முட்டை அட்டைகளையும் தெர்மாகோலையும் ஒட்டுவோர் உளர். அவற்றிற்குத் தடுக்கும் கனமும் இல்லை. உறிஞ்சும் ஆற்றலும் சிறிதே. எளிதில் தீப்பற்றும் ஆதலின் அவற்றை அறவே விலக்குதல் தகும்.

மூன்றாவது: அண்மை

ஒலி பிறக்குமிடத்திலிருந்து தொலைவு இருமடங்கானால், நேரே வந்து சேரும் ஒலியின் செறிவு நான்கில் ஒன்றாகக் குறையும். ஆயின் அறையின் முழக்கமோ எங்கும் ஏறத்தாழ ஒரே அளவில் பரவி நிற்பது. எனவே ஒலிவாங்கியை அணுக அணுகக் குரல் ஓங்கும், அறை பின்வாங்கும். மெத்தை நிறுத்த வாய்ப்பில்லாத இடத்தும் இவ்வழி பயன்தரும்.

வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் இடையே ஒரு சாண் தொலைவு பொருந்தும். வாய்க்கு நேர் எதிரே வையாமல் சற்றுப் பக்கவாட்டில் வைத்தல் வேண்டும். பகரம் போன்ற இதழொலிகளில் காற்று வெடித்துப் பாய்ந்து 'பொத்' என்னும் ஓசையை உண்டாக்கும். பூத்தையலுக்குப் பயன்படும் மரவளையத்தில் மெல்லிய துணியை இழுத்துக் கட்டி இடையே நிறுத்தினால் இத்தொல்லை தீரும்.

கருவிகள்

மேற்கூறிய மூன்றும் அமைந்த பின்னரே கருவியைக் கருதவேண்டும். கணினி முன்னரே உள்ளதாயின், ஏனையவற்றை ஒரு நடுத்தரக் கைப்பேசி வாங்கும் தொகைக்குள் முடித்துக்கொள்ளலாம்.

ஒலிவாங்கிகளுள் டைனமிக், கண்டன்சர் என இருவகை உண்டு. டைனமிக் வகை உறுதியானது. ஈரத்திற்கு எளிதில் கெடாதது. அருகிலுள்ள குரலை மட்டும் பெரிதும் ஏற்பது. 1965இல் அறிமுகமாகி இன்றளவும் விற்பனையில் உள்ள ஷூர் எஸ்எம்57 இவ்வகையினது. 'நெப்ராஸ்கா'வுக்குப் பயன்பட்டதும் இதுவே. கண்டன்சர் வகை நுண்ணொலிகளையும் பற்றுவது. ஆயின் 48 வோல்ட் மின்னூட்டம் வேண்டுவது. அறையின் குறைகளையும் சேர்த்தே பற்றுவது. பண்படாத அறைக்கும் கடலோர ஊர்களுக்கும் டைனமிக் வகையே முதற்கண் பொருத்தமானது. கண்டன்சர் வாங்குவோர் அதனைச் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வைத்துக் காப்பாராக.

அடுத்து வேண்டுவது ஆடியோ இண்டர்ஃபேஸ் எனப்படும் இணைப்புப் பெட்டி. ஒலிவாங்கி தரும் மின்னலையை எண்களாக மாற்றிக் கணினிக்குத் தருவது இதன் தொழில். இரண்டு நுழைவாய்கள் உள்ளதை வாங்கினால் பாட்டையும் தப்ஸ் போன்ற தாளக் கருவியையும் தனித்தனியே பதியலாம். காதை முழுதும் மூடும் ஹெட்ஃபோன், ஆடாத ஸ்டாண்டு, நல்ல கம்பிவடம் என்பனவும் தேவை. மென்பொருளுக்குச் செலவில்லை. 2000ஆம் ஆண்டு முதல் இலவசமாகக் கிடைத்துவரும் ஆடாசிட்டி, தொடக்கநிலைப் பணிகள் அனைத்திற்கும் போதும்.

பதிதலும் காத்தலும்

மனிதச் செவி கேட்கும் மேல் எல்லை ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ். அதனைப் பிழையின்றிக் குறிக்க நொடிக்கு 40,000க்கு மேற்பட்ட மாதிரிகள் வேண்டும். ஆகவே குறுந்தகட்டிற்கு 44,100 என வரையறுத்தனர். ஒலி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கம் 48,000 மாதிரிகளையும் 24 பிட்டையும் குறைந்த அளவாகப் பரிந்துரைக்கின்றது. நாமும் அதனையே கொள்ளலாம். இவ்வளவில் ஒரு மணிநேர ஒற்றைத்தடப் பதிவு ஏறத்தாழ 518 மெகாபைட் இடம் கொள்ளும். இன்றைய சேமிப்புக் கருவிகளுக்கு இது பெரிதன்று.

ஒலியளவுமானியில் குரலின் உச்சம் குறை 12 டெசிபெல்லை ஒட்டி நிற்குமாறு அமைக்க. பூச்சியத்தைத் தொட்டுச் சிதைந்த ஒலியை மீட்க எளிய வழி இல்லை. குறைவாகப் பதிந்ததைப் பின்னர் உயர்த்திக்கொள்ளலாம். பாடுமுன் அறையின் வெற்றொலியை அரை நிமிடம் பதிந்து வைத்தால், எஞ்சிய இரைச்சலைக் குறைக்க மென்பொருள் அதனை அளவுகோலாகக் கொள்ளும். அதனையும் அளவறிந்து செய்க. மிகையாயின் குரல் தகரம் போல் ஒலிக்கும்.

பதிவின் தொடக்கத்தில் பாடுவோர் பெயர், ஊர், நாள், பாட்டின் வகை ஆகியவற்றைக் குரலாலேயே சொல்லிப் பதிக. மூலத்தை வேவ் கோப்பாகவே வைத்து, எம்பி3 வடிவைப் பிறர்க்கு அனுப்ப மட்டும் கொள்க. மூன்று படிகள் எடுத்து, ஒன்றேனும் வேறோர் இடத்தில் இருக்குமாறு செய்க. பாடியவரின் இசைவின்றி எதனையும் வெளியிடாமை நாம் பேணவேண்டிய அறமாகும்.

முடிவுரை

கிஸ்ஸா, நாமா, மசலா, முனாஜாத்து, படைப்போர் எனத் தமிழுக்கு இசுலாமியப் புலவர் அளித்த இலக்கிய வகைகள் பல. அவற்றின் சொற்களுள் பெரும்பகுதி அச்சேறியுள்ளது. ஆனால் அவை பாடப்பெற்ற மெட்டு அச்சில் இல்லை. மூத்தோர் சிலரின் மிடற்றில் மட்டுமே உள்ளது. நடவுப் பாட்டுக்கும் தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் இதுவே நிலை. பதிப்பாசிரியர்கள் ஏட்டுச்சுவடிகளைச் செல்லரிக்குமுன் தேடிச் சேர்த்தனர். நம் தலைமுறைக்கு உரிய சுவடி குரலே. அதற்குச் செல் காத்திருப்பதில்லை. ஒரு மூச்சு நின்றால் ஓர் ஏடு முழுதும் போகின்றது.

மாணவர்கள் தம் இல்லத்தின் ஓர் அறையில், ஒரு விடுமுறை நாளின் வைகறையில் இப்பணியைத் தொடங்கலாம். பெரியவர்கள் தாம் அறிந்த பாட்டு எதுவாயினும் அதனைச் சிறிதென்று எண்ணாது பாடித் தரவேண்டும். கருவி வாங்கும் தொகை சேரும்வரை காத்திருத்தல் வேண்டா. கையிலுள்ள கைப்பேசியையே ஒரு சாண் தொலைவில் வைத்து, விசிறியை நிறுத்தி, மெத்தையை நிமிர்த்தி வைத்துப் பதிந்தாலும் அப்பதிவு நாளைய ஆய்வாளர்க்குப் பயன்படும்.