பூட்டைத் திறப்பதும் எண்ணை மாற்றுவதும்

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த கைப்பேசி நம்மூர் சிம் அட்டையை ஏற்கவில்லை. இணையத்தில் கிடைத்த இலவச ‘அன்லாக்’ மென்பொருளைக் கணினியில் நிறுவினேன். கைப்பேசி திறக்கவில்லை, கணினியிலிருந்த கோப்புகள்தாம் பூட்டிக்கொண்டன!

அது கைப்பேசியை விற்ற தொலைத்தொடர்பு நிறுவனம் போட்ட பூட்டு. தவணை முடிந்திருந்தால் அந்நிறுவனத்திடமே கேட்டுத் திறந்துகொண்டிருக்கலாம். புதிய கைப்பேசிகளை நிறுவனத்தின் இசைவின்றித் திறப்பது அமெரிக்காவில் 2013 ஜனவரியில் சட்டவிரோதமாயிற்று. எதிர்ப்பு வலுக்கவே, 2014 ஆகஸ்டில் வந்த சட்டம் வாடிக்கையாளருக்கு அவ்வுரிமையை மீட்டுத் தந்தது.

இத்தகைய மென்பொருள்களில் சில, பூட்டோடு நிற்பதில்லை. கைப்பேசியின் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணையும் மாற்றிவிடுகின்றன. களவுபோன கைப்பேசியை முடக்க உதவுவது அந்த எண்தான். அதைத் திருத்துவோருக்கு 3 ஆண்டுகள் வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்க இந்தியாவின் 2023ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டம் வகைசெய்கிறது. இது திறப்பதற்கான தண்டனை அன்று, எண்ணை மாற்றுவதற்கானது. கடைக்காரர் இரண்டையும் ஒரே கட்டணத்தில் செய்து கொடுத்துவிட்டால், நமக்குத் தெரியவா போகிறது? கைப்பேசியைக் கொடுக்கும் முன்னும் திரும்பப் பெற்ற பின்னும் *#06# என்று அழுத்தி, திரையில் வரும் எண்ணைப் பெட்டியில் அச்சிட்டுள்ள எண்ணோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.