எழுத்து எங்கே சிதைகிறது?

நிரலில் பிழையின்றித் தட்டச்சு செய்த ‘தமிழ்’ என்னும் சொல், தரவுத்தளத்துக்குள் சென்று மீளும்போது கேள்விக்குறிகளின் வரிசையாகவோ ஐரோப்பிய அட்சரங்களின் அர்த்தமற்ற கூட்டமாகவோ வந்து நிற்பது கண்டு, உடனே கைக்குக் கிடைத்த திருத்தத்தைச் செய்துவிடுவதே மூலத்தை முற்றிலும் நாசமாக்குகிறது என்பதை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

கென் தாம்ஸனும் ராப் பைக்கும் 1992இல் வகுத்த யு.டி.எஃப்-8 முறையில் அன்றாடத் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டுகள் வேண்டும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என யூனிகோடில் ஐந்தாக நிற்கும் அச்சொல்லுக்கு 15 பைட்டுகள். நிரல், இணைப்பு, அட்டவணை ஆகிய மூன்று ஸ்தானங்களும் இவற்றை ஒரே முறையில் வாசிக்க வேண்டும். நடுவிலுள்ள இணைப்பையே பலரும் மறந்துவிடுகிறார்கள். மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தளத்தின் 8.0க்கு முந்தைய பதிப்புகளோ, வேறு கட்டளை இல்லாதபோது லத்தீன்-1 என்ற மேற்கு ஐரோப்பிய முறையையே கைக்கொண்டன.

திரையை நம்பாமல், அச்சொல்லின் பைட்டுகளை எண்ணும் ‘லெங்த்’ கட்டளையால் தரவுத்தளத்தையே வினவுவது உசிதம். விடை 15 என்றால் பைட்டுகளுக்குச் சேதமில்லை. அட்டவணைக்கு இட்ட முறையின் பெயரிலோ வாசிக்கும் இணைப்பிலோதான் கோளாறு. 30 என்றால், ஒவ்வொரு பைட்டும் தனியொரு லத்தீன் எழுத்தாகக் கொள்ளப்பட்டு மறுபடியும் யு.டி.எஃப்-8 ஆகியிருக்கிறது, எவ்வளவு விகாரமாகத் தோன்றினும், வந்த வழியே திருப்பினால் மூலம் மீளும். 5 என்றால், லத்தீன்-1 அட்டவணை தன்னிடம் இடமில்லாத குறியீடுகளைக் கேள்விக்குறிகளாக்கிவிட்டது. பழைய பிரதியின்றி அதற்குப் பரிகாரமில்லை.

இவற்றுள் 30 என்ற நிலையே மிகவும் ஜாக்கிரதையாகக் கையாளத்தக்கது. எழுதுவதும் வாசிப்பதும் ஒரே தவறான இணைப்பின் வழியே நடக்கும்வரை, ஒரு பிழை மற்றொன்றை மறைத்து, வருஷக்கணக்கில் எல்லாம் செம்மையாகவே தோன்றும். பின்னர் ஒருவர் இணைப்பை மட்டும் சரிசெய்தால், புதிய வரிகள் சரியாகவும் பழையவை சிதைந்தும் ஒரே அட்டவணையில் கலந்துவிடும். அப்பால் மொத்தமாகத் திருத்தும் ஒற்றைக் கட்டளை எதுவும் அந்த அட்டவணைக்குப் பொருந்தாது.

மைஎஸ்கியூஎல்லில் ‘யு.டி.எஃப்8’ என நெடுங்காலம் வழங்கியது, 3 பைட்டுகளுக்கு மேல் ஏற்காத குறைவடிவம். அன்றாடத் தமிழுக்கு அது போதும். ஆயினும் 2019இல் யூனிகோடில் சேர்ந்த காணி, முந்திரி முதலிய நம் பழைய பின்னக் குறிகள் 4 பைட்டுகள் கொள்பவை. ஆதலால் ‘யு.டி.எஃப்8எம்பி4’ஐயே தேர்வது நலம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

எந்தத் திருத்தத்துக்கும் முன், அட்டவணையின் முழுப் பிரதியொன்றை எடுத்து, அதிலேயே முதலில் பரிசோதித்துப் பாருங்கள்.