நெல்லின் மரபணு விவரமும் பொதுக் களஞ்சியமும்

மேலூர், வாடிப்பட்டி முதலிய பெரியாறு, வைகைப் பாசனப் பகுதிகளில் நெல் சாகுபடி செய்யும் மிராசுதார்கள் குலைநோயின் கொடுமையை நன்கு அறிவர். அதனைத் தாங்கும் சக்தி சில ரகங்களுக்கு இயற்கையாகவே அமைந்துள்ளது. அச்சக்தியை அளிக்கும் மரபணு எவ்விடத்திலுள்ளதென்று தெரிந்தால், ஒட்டுச் சேர்க்கையால் பிறந்த நாற்றுக்களுள் அதனையுடையவற்றை, நோய் காணும்வரை காத்திராமல் இளமையிலேயே பொறுக்கி எடுக்கலாம். இதற்கு ஆதாரமாவது நெல்லின் மரபணு வரிசையாகும். நால்வகை ரசாயன எழுத்துக்களாலான இவ்வரிசை 12 குரோமோசோம்களில் ஏறக்குறைய 39 கோடி எழுத்துக்கள் நீளமுடையது.

வரிசையைக் கண்டறிந்தோமென்று பத்திரிகையில் பிரசுரித்தால் மட்டும் போதாது. கிராமத்தை அளந்து முடித்தாயிற்றென்று தண்டோராப் போட்டுவிட்டுப் புலப்படத்தைப் பெட்டியில் பூட்டி வைத்தால் எல்லைத் தாவா தீருமா? ஆகையால் கண்டறிந்த வரிசையைப் பொதுக் களஞ்சியத்தில் சேர்ப்பிப்பது அறிஞர் வழக்கம். 1982ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஏற்பட்ட ஜென்பாங்க் அத்தகையது. மனித மரபணு வரிசையை ஆராய்ந்தோர் 1996இல் பெர்முடாவில் கூடி, கண்டவற்றை 24 மணி நேரத்திற்குள் வெளியிடுவதென்றும் தீர்மானித்தனர்.

இவ்வழக்கத்திற்கு மாறானதொரு சம்பவம் நெல் விஷயத்தில் நேர்ந்தது. 2002 ஏப்ரலில் 'ஸயன்ஸ்' பத்திரிகையின் ஒரே இதழில் இரு கட்டுரைகள் வெளிவந்தன. சீன அறிஞர் தம் இண்டிகா நெல்லின் வரிசையை ஜென்பாங்கில் சேர்ப்பித்தனர். ஜப்பானிகா நெல்லை ஆராய்ந்த சின்ஜெண்டா கம்பெனியோ தன் விவரங்களைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. ஆராய்ச்சியாளர் வாரம் ஒன்றுக்கு ஒரு லட்சம் எழுத்து வரை இலவசமாகப் பெறலாம். அதற்கு மேல் வேண்டுவோர் உடன்படிக்கைக்கு இணங்க வேண்டும். வாரம் ஒரு லட்சம் வீதம் 39 கோடி எழுத்துக்களையும் பெற 75 ஆண்டுகள் ஆகும்! அறிஞர் பலர் இதனை ஆட்சேபித்தனர். பின்னர் அக்கம்பெனி தன் விவரங்களைப் பன்னாட்டு நெல் மரபணுத் திட்டத்தாருக்கு அளித்தது.

பத்து நாடுகள் சேர்ந்த அத்திட்டம் 2005இல் முழு வரிசையையும் யாவர்க்கும் பொதுவாக்கியது. இந்தியாவின் பங்கு 11ஆம் குரோமோசோமில் ஒரு பகுதி. டில்லிப் பல்கலைக் கழகமும் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையமும் இப்பணியை நடத்தின. குலைநோயையும் பாக்டீரியா இலைக்கருகலையும் எதிர்க்கும் மரபணுக்கள் சில அக்குரோமோசோமிலேயே உள்ளன. அவ்விவரம் பூட்டப்பட்டிருந்தால், புது ரகம் காணும் வேலை அத்தனை போகம் பின்தங்கியிருக்கும்.

நம் நாட்டிலும் 2022 நவம்பரில் பரீதாபாத்தில் இந்திய உயிரியல் தரவு மையம் திறக்கப்பட்டது. விவசாயிகளும் தம் பங்கைச் செய்யலாம். பாரம்பரிய நெல் விதையை ஆராய்ச்சிக்குக் கொடுக்குங்கால் ரகத்தின் பெயர், ஊர், தேதி ஆகியவற்றை எழுதி வைத்துக்கொள்க. அதன் மரபணு விவரம் எந்தக் களஞ்சியத்தில், எப்பொழுது சேர்க்கப்படுமென்றும் கேட்டறிக. 2001ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டப்படி தம் ரகத்தைப் பதிவு செய்துகொள்ளும் உரிமையும் விவசாயிக்கு உண்டு. கிராம அதிகாரிகள் இதனை எடுத்துரைத்து உதவுதல் நலம். விதைக்கும் பருவத்தே கிட்டாத விதையும், வேண்டும்பொழுது கிட்டாத விவரமும் ஒன்றே.